இஸ்திரி வண்டியைச் சுற்றிப் போகிறவனுக்கு

சங்கர்,

நேற்று மத்தியானம் நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. தலையை நிமிர்த்தாமல், "திங்கக்கிழம ஒரகடம் போறேன் நைனா. குடோன்ல வேல. ரூமும் அவங்களே குட்துட்றாங்க" என்றாய். நான் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். "போடா, எங்கியோ போய்த் தொல" என்று கத்திவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். அடையாறு வரைக்கும் காலி வண்டி. வழியில் கை காட்டிய ஒரு அம்மாவைக்கூட ஏற்றவில்லை. ஒரு மர நிழலில் ஓரங்கட்டி உட்கார்ந்தபோதுதான், நான் உன்னிடம் சொல்ல நினைத்ததற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை என்று புரிந்தது. எனக்கு நேரில் பேச வராது. குரல் ஏறிவிடும், ஏறிவிட்டால் நான் பேசுவது எனக்கே கேட்காது. அதனால் எழுதுகிறேன். ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரமெல்லாம் பேப்பர் படித்துப் படித்து, பேனாவை எடுத்தால் நான் பேப்பர்காரன் மாதிரி ஆகிவிடுகிறேன் என்று உன் அம்மா கிண்டல் செய்வாள். செய்யட்டும்.

இதை ஒளித்து மறைத்துத் தரப்போவதில்லை. வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும். நீ வேலை பார்க்கிற, நாய் பிடிக்கிற வண்டியைப் பார்த்ததும் மண்ணை வாரித் தூற்றுகிறவர்களும் படிக்கட்டும், "எல்லாத்தையும் புடிச்சிக்கினு போய்க் கொன்னுடுங்கடா" என்று பால்கனியிலிருந்து கத்துகிறவர்களும் படிக்கட்டும். அந்த வண்டியில் போகிறவனுக்கும் வீட்டில் ஒரு அப்பனும் அம்மாவும் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு நேராக ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். எதற்காகவும் ஸ்டாண்டுக்கு வராதவள். நாலு டிரைவர்கள் எதிரிலேயே என் சட்டையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "உம் புள்ள இன்னா சொல்றான் தெரியுமாயா? 'நான்னு ஒருத்தன் இல்லாம இருந்தா அது இன்னிக்கு உசுரோட இருக்கும்மா'ன்றான். அந்தப் பேச்சே எனுக்கு நல்லால்ல. பயமா கீதுய்யா" என்றாள். நான் அவளை அதட்டி அனுப்பினேன். "ஒரு நாய் செத்ததுக்கு எவனாவது அப்டி நெனப்பானா, போ வூட்டுக்கு" என்றேன். அவள் போனதும் வந்த சவாரியை அடுத்த வண்டிக்கு விட்டுவிட்டேன். நீ ஒரகடம் போவதற்கு எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் இந்த நினைப்போடு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில், ஒரு ரூம் கதவைச் சாத்திக்கொண்டு நீ தனியாக உட்காருவாய் என்பதுதான் என் பயம். இதுதான் விஷயம். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

நீ இந்த வேலைக்குப் போனதே நாய்மேல் இருந்த ஆசையால்தான். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. "வலைய வீசி, கழுத்த நெரிச்சு இழுக்கிறானுங்க நைனா, நான் போனா அப்டி இழுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாய். முதல் நாள் வேலை முடிந்து சாயங்காலம் வந்தாய். நம் ஹவுசிங் போர்டு வாசலில் கிடக்கும் கருப்பன், நீ போட்ட சோற்றில் வளர்ந்தவன், வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். பாதி வழியில் நின்றான். உன் பேண்ட்டை மோந்து பார்த்தான். அப்படியே பின்னாலேயே போய், பல்லைக் காட்டி உறுமினான். மற்ற நாய்களும் சேர்ந்துகொண்டன. நீ "டேய், நான்டா" என்று கையை நீட்டினாய். அன்று நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குச் சிரிப்பு வந்தது. பழகிவிடும் என்று நினைத்தேன். அவை பழகவில்லை. நீ தேய்த்துத் தேய்த்துக் குளித்தாய், சோப்பை மாற்றினாய், நாய்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்கிற சென்டரிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாய். எதுவும் எடுபடவில்லை. மந்தவெளி, மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் என்று நீ எந்தத் தெருவுக்குள் காலை வைத்தாலும், வண்டி இல்லாமல் கையை வீசிக்கொண்டு நடந்து போனாலும், ஒரு நாய் உன்னைக் கண்டுபிடித்துக் குரைக்கும், அந்தத் தெருவே குரைக்கும்.

அப்புறம்தான் நீ மெயின் ரோட்டிலேயே நின்று எனக்கு போன் போட ஆரம்பித்தாய். நான் ஆட்டோவைக் கொண்டுவந்து உன்னை ஏற்றி, மழைக்குப் போடுகிற படுதாவை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு, கொளுத்துகிற வெயிலில் உன்னை மூட்டை மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். "இன்னாபா, மினிஸ்டரா உள்ள?" என்று நம் ஜனங்கள் கேலி செய்வார்கள். நானும் "ஆமாடா, சல்யூட் அடி" என்பேன். உள்ளே நீ ஒரு வார்த்தை பேசமாட்டாய். உனக்கு எவ்வளவு பிடித்த ஜீவன் அது, அதன் பார்வையிலிருந்து தப்பிக்க உன்னைத் திரை போட்டு மறைக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. படுதா கிழிந்துவிடப்போகிறதே என்றுதான் கவலைப்பட்டேன்.

மனிதர்கள் குரைத்ததைப் பற்றியும் சொல்லவேண்டும். காலையில் நாயைப் பிடித்தால் சோறு போடுகிறவர்கள் சாபம் விடுவார்கள். "நீ நல்லா இருப்பியா? உன் குடும்பம் வெளங்குமா?" ஆபரேஷன் ஆகி, ஊசி போட்டு, காது நுனியில் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்து, ஆறினபிறகு அதே நாயைக் கொண்டுவந்து இறக்கினால், அதே தெருவில் வேறு ஒரு கூட்டம் நிற்கும். தி.நகரில் ஒரு ஆள், "திரும்ப ஏன்டா கொண்ணாந்து வுட்ற? எங்கனா தொலச்சிட்டு வர்றதுதானே?" என்று உன் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டானே. மயிலாப்பூரில் ஒரு மாமி உனக்கு மோர் கொடுத்துவிட்டு, "கோச்சுக்காதேப்பா, ராப்பகலா கொலைச்சுண்டே இருக்கு. அடுத்த தெருவுல விட்டுட்டுப் போயேன், யாருக்குத் தெரியப்போறது?" என்று நைஸாகக் கேட்டாள். நீ மோரைக் குடித்துவிட்டு, "மாமி, அடுத்த தெருவுல வுட்டா அங்க கீற நாய்ங்க இத்தக் கடிச்சே கொன்னுடும். எங்க புடிச்சமோ அங்கதான் வுடணும்" என்றாய். இதை நீ வீட்டில் வந்து சொன்னபோது நான் பெருமைப்பட்டேன். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வெளியில் நான் உனக்காக வாயைத் திறந்தது ஒரே ஒரு இடத்தில், அதையும் கெடுத்துவிட்டேன். வடபழனியில் பெண் பார்க்கப் போனோமே. பெண்ணின் அப்பா "தம்பி இன்னா பண்றாப்ல?" என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கால்நடைப் பக்கம்… டாக்டருங்களோட…" என்று இழுத்தேன். நீ கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாய் புடிக்கிறேங்க" என்றாய். திரும்பி வரும்போது வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். இப்போது நினைத்தால், அன்று வெட்கப்படவேண்டியவன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். சரி, அந்தச் சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்தக் கேசரியில் நெய்யே கிடையாது.

இப்போது ராணி விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்தப் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறாய். இதில் எழுந்து போகமுடியாது, படி.

ராணி, நம் ஸ்டாண்டுக்கு எதிரில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற செல்வியின் நாய். செல்வி தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாயென்றாலும் அவளுடையதுதான். பகலெல்லாம் வண்டிக்கு அடியில், கரிப் பெட்டியின் சூட்டைக்கூடப் பொருட்படுத்தாமல் படுத்திருக்கும். செல்விக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவள் நாள் முழுக்கப் பேசுவது அதனிடம்தான். "இந்த சட்டைய பாரு, காலர்ல எம்மாம் அழுக்கு, துன்னுட்டுத் தொடச்சிருக்கான்" என்று அதனிடம்தான் புகார் சொல்லுவாள். அது குட்டி போட்டுப் போட்டு மெலிந்துபோகிறது என்று அவளே உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கூட்டிக்கினு போய் ஆபரேசன் பண்ணிக் கொண்ணாந்து வுட்டுடுபா" என்று கேட்டாள். உன்னை நம்பிக் கொடுத்தாள்.

சென்டரில் என்ன நடந்தது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிடித்த ஒவ்வொரு நாய்க்கும் கழுத்தில் ஒரு நைலான் கயிறு கட்டி, எந்தத் தெரு என்று எழுதின வில்லை தொங்கவிடுவார்கள். அது கத்திரி வெயில். கயிறு உரசி உரசி அந்தக் கூண்டில் இருந்த நாய்களுக்குக் கழுத்தெல்லாம் புண். ஈ மொய்த்தது. நீ கயிறுகளை அறுத்து எடுத்துவிட்டு மருந்து தடவினாய். "மூஞ்சி ஞாபகம் இருக்கும்" என்று நினைத்தாய். உனக்கு இருக்கும்தான், எத்தனையோ தடவை இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கூண்டில் இரண்டு செவலை நாய்கள். இரண்டுக்கும் நெற்றியில் வெள்ளை. ஒரே தாய்க்குப் பிறந்தவை என்றுகூடச் சொல்லலாம். இறக்கிவிடுகிற அன்று விடியற்காலையிலிருந்து உன் வண்டி சுற்றியது. செல்வி அன்று அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள், வண்டி மூடிக் கிடந்தது. மார்க்கெட் பின்னால் பிடித்த செவலையை நம் தெருவில் இறக்கினாய். ராணியை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மார்க்கெட் பின்னால் இறக்கினாய். அங்கிருந்த நாய்கள் துரத்தின. ராணி வீட்டுக்குத்தான் ஓடி வந்தது. மெயின் ரோட்டில் தண்ணி லாரி அடித்துவிட்டது.

மறுநாள் ரோட்டோரம் கிடந்ததைப் பார்த்து, அது ராணிதான் என்று செல்வி அடையாளம் கண்டுபிடித்தாள். எப்படி அங்கே போச்சு என்று அவளுக்குப் புரியவில்லை. தானாகவே ஓடியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். யாருக்கும் தெரிந்திருக்காது. நீதான் தெருவைத் தாண்டிப் போய் அவள் எதிரில் நின்று, "நான்தான்க்கா மாத்தி வுட்டேன்" என்றாய். நான் எதிர்ப்பக்கத்தில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன், அவள் கையில் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டி, சூடு போடப்போகிறாள் என்றே பயந்தேன். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அப்புறம், "அங்க இருந்தப்ப சாப்ட்டுச்சா தம்பி?" என்று கேட்டாள். நீ "சாப்ட்டுச்சுக்கா. மொத நாளு சாப்புடல. அப்புறம் கையில வெச்சுக் குட்தேன், சாப்ட்டுச்சு" என்றாய். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஒரு சட்டையை எடுத்து விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். நீ அங்கேயே நின்றாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நீ அந்த வண்டிப் பக்கம் போவதில்லை. வீட்டுக்கு வர அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறாய். சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டாய், நாய் வண்டிக்குப் போவதையும் விட்டாய்.

உன் தப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உன் அம்மா சொல்கிறாள், உன் சிநேகிதர்கள் சொல்கிறார்கள். நீ அதைக் கேட்டுவிட்டு இன்னும் உள்ளே போய்விடுகிறாய், ஏனென்றால் அது பொய் என்று உனக்குத் தெரியும். தப்புதான்டா. கயிற்றை அறுத்தது இரக்கத்தால்தான், ஆனால் அறுத்ததும் அடையாளத்துக்கு வேறு ஏதாவது செய்திருக்கவேண்டும், செய்யவில்லை. உன்னால்தான் ஒரு நாய் செத்தது. அதற்காக நீயும் இருக்கக்கூடாது என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது? ஒரு தப்பு செய்தவன் உலகத்திலேயே இருக்கக்கூடாது என்றால், இந்த மெட்ராஸில் ரோட்டைக் கடக்க ஆளே இருக்காது. உன் அப்பன் முதலில் போயிருக்கவேண்டும்.

உன்னோடு வண்டியில் வருகிற தாமஸ் அண்ணனை முந்தாநாள் சாந்தோமில் இறக்கிவிட்டேன். சர்ச் பக்கத்தில் வண்டி நின்றும் அவர் இறங்கவில்லை. "உம் பையன் எப்டி கீறான்?" என்றார். சொன்னேன். "எங்க வண்டில கீற ஒவ்வொருத்தனுக்கும் இதுமாரி ஒண்ணு கீதுபா. எவனும் வாயத் தொறக்க மாட்டான்" என்றார். அவர் ஒரு தாய் நாயைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாராம், புதருக்குள் அதன் குட்டிகள் இருந்தது தெரியாமல். தெரிந்து திரும்பிப் போனபோது ஒன்றும் மிச்சமில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவர்கள் குடும்பமே போய்க் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, செத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார்கள் இல்லையா, அதில் இவர் ஓரமாக ஒன்று கூடுதலாக ஏற்றுவாராம். "யாருக்கு இது?"ன்னு சம்சாரம் கேட்டால், "எங்க பெரிப்பாவுக்கு" என்பாராம். "எனுக்குப் பெரிப்பாவே கெடையாதுபா. ஃபாதருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாள் ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறீர்கள், இதை உன்னிடம் அவர் சொன்னதில்லை, நீயும் உன்னுடையதை அவரிடம் சொன்னதில்லை. டீ குடிக்கிறீர்கள், கிரிக்கெட் பேசுகிறீர்கள். இந்த வேலைக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய பாரம், அதை எவ்வளவு நன்றாக மறைக்கிறீர்கள் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்த தைரியத்தில்தான் நேற்று, அடையாறிலிருந்து திரும்பினதும், நேராக செல்வியிடம் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். பெரிய மனுஷன் மாதிரி சட்டையெல்லாம் இழுத்துவிட்டுக்கொண்டு, "யம்மா செல்வி, பையன் தெரியாம பண்ணிட்டான், மனசுல வெச்சிக்காத" என்று ஆரம்பித்தேன். அவள் பெட்டியை டொக்கென்று வைத்தாள்.

"இன்னாத்துக்கு நீ வர்ற? உன்னாண்ட எனுக்கு இன்னா பேச்சு? அவன வரச் சொல்லு" என்றாள். "அன்னிக்கு வந்து நின்னான், எனுக்கு வாயே வர்ல. மூஞ்சி செத்துப்போய் கீது, அவன இன்னா திட்றதுன்னு வுட்டுட்டேன். அப்புறம் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வயிறு எரியுது. எங்கனா கண்ல பட்டா திட்டலாம்னா, கஸ்மாலம், என் வண்டியப் பாத்தாலே சுத்திக்கினு போவுது. எனுக்கு யாரு கீறா திட்றதுக்கு? லாரிக்காரன எங்கப் போய்த் தேடுவேன்? எம் பொண்ணு மாரிடா அது. அவன் வந்து நிக்கணும், நான் திட்டணும். வாங்கிக்கினு போவச் சொல்லு."

அவள் அழுதுகொண்டே அடுத்தவன் பேண்ட்டைத் தேய்த்தாள். மடிப்பு மட்டும் கத்தி மாதிரி நேராக விழுந்தது.

சங்கர், நீ அவளைக் காயப்படுத்தக்கூடாது என்றுதான் சுற்றிப் போகிறாய், எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குச் சேரவேண்டிய கோபத்தையும் நீயே எடுத்து வைத்துக்கொண்டாய். அவள் திட்டவேண்டிய வேலையையும் சேர்த்து நீயே ராத்திரி பகலாகப் பார்க்கிறாய். நீ உன்னைத் திட்டிக்கொள்வதற்கு முடிவே கிடையாதுடா. சோறு திங்கும்போதும் திட்டுகிறாய், தூங்கும்போதும் திட்டுகிறாய், ஒரகடம் போனாலும் அது உன்னோடு பஸ்ஸில் வரும். அவள் திட்டினால் எவ்வளவு நேரம் திட்டுவாள்? பயங்கரமாகத்தான் திட்டுவாள், என்னையும் உன் அம்மாவையும் இழுப்பாள், தெருவே வேடிக்கை பார்க்கும். ஆனால் அவளுக்குத் தேய்க்கவேண்டிய துணி இருக்கிறது. எங்கேயோ ஒரு இடத்தில் நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

நாளைக் காலையில் போ. குளிக்காமல் வேண்டுமானாலும் போ, சாப்பிடாமல் போகாதே. அவள் எதிரில் நில், பதில் சொல்லாதே, "நான் இருந்தே இருக்கக்கூடாது" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, அந்தப் பேச்சை அவள் தாங்கமாட்டாள், நாங்களும் தாங்கமாட்டோம். அது முடிந்ததும் நான் வண்டியோடு நிற்பேன். பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன், போகலாம். நீ வெட்கப்பட்டால் எனக்குத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வருகிறேன், பொய்யும் இல்லை. நாய் வண்டிக்குத் திரும்பப் போகிறாயா, ஒரகடம் போகிறாயா, வீட்டிலேயே படுத்துக்கிடக்கிறாயா, எதுவானாலும் எனக்குச் சம்மதம். திங்கட்கிழமை என்பதை மட்டும் தள்ளிப்போடு.

உன்னை அனுப்புகிறேன் என்று செல்வியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் தெருவைப் பாதி தாண்டினபோது அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "யோவ், திட்டுவேன், ஆனா அவன் துன்னாம வந்தான்னா உன்னத்தான் மொதல்ல திட்டுவேன். இட்லி குட்து அனுப்பு."

உன் அப்பா